கைக்கு வேலை இல்லாத விமானி

"ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு பைலட் தூங்கிடுவாராமே?" விமானம் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். கேட்பவர் பெரும்பாலும் விமானத்தில் ஏறியே இருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

அப்படி ஒன்றும் தூங்கிவிடுவதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் பாதி உண்மை இருக்கிறது. இன்றைய பயணிகள் விமானத்தில் விமானி தன் கையால் ஓட்டுகிற நேரம் ரொம்பக் குறைவு. ஓடுபாதையை விட்டு எழும்பி சில நூறு அடியோ, சில ஆயிரம் அடியோ போனதும் ஆட்டோபைலட் பொத்தானை அழுத்திவிடுவார்கள். அதன் பிறகு, இறங்குகிற ஊரின் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பெரும்பாலும் அதை அணைப்பார்கள். நடுவில் நான்கு மணி நேரமானாலும் சரி, பதினான்கு மணி நேரமானாலும் சரி, ஓட்டுவது கம்ப்யூட்டர்தான். விமானிகள் உயரத்தையும் திசையையும் அதற்குச் சொல்லிவிட்டு, சொன்னபடி செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று நினைத்தால் தவறு. ரைட் சகோதரர்கள் பறந்து பதினோரு வருடம் கூட ஆகவில்லை, 1914 ஜூன் மாதம் பாரிஸுக்குப் பக்கத்தில் சேன் நதியின் மேல் ஒரு போட்டி. லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற 21 வயது அமெரிக்க இளைஞர், தன் அப்பாவின் கம்பெனியில் செய்த ஜைரோஸ்கோப் கருவியைப் பொருத்திய ஒரு கர்டிஸ் விமானத்தை ஓட்டி வந்தார். பார்வையாளர்களுக்கு நேராக வந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். விமானம் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது! அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எழுந்து இறக்கை மேல் நடக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் எடை கூடினால் விமானம் சாய வேண்டுமே? சாயவில்லை. கருவி தானாகவே சரி செய்துகொண்டது. பரிசு ஸ்பெர்ரிக்குத்தான். ஆட்டோபைலட்டின் முதல் விளம்பரமே "பாருங்கள், என் கை காலியாக இருக்கிறது" என்பதுதான்.

கம்ப்யூட்டர் விமானத்தை நன்றாகத்தான் ஓட்டுகிறது. உண்மையில் மனிதனை விட நன்றாக ஓட்டுகிறது. களைப்பு கிடையாது, கவனம் சிதறாது. டெல்லியில் டிசம்பர், ஜனவரி பனிமூட்டத்தில் முன்னால் நிற்கிற வண்டியே தெரியாத காலை நேரத்தில், அதற்கான வசதி இருக்கிற விமானங்கள் தானாகவே தரையிறங்குகின்றன. 29,000 அடிக்கு மேலே இரண்டு விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளியில் பறக்கலாம் என்று அனுமதித்திருப்பதும் இந்தக் கருவியை நம்பித்தான். முன்பு 2,000 அடி இடைவெளி வேண்டியிருந்தது. உயரத்தைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவி சரியாக வேலை செய்தால்தான் அந்த வான்வெளிக்குள்ளேயே போகலாம் என்பது விதி. இதன் அர்த்தம் என்ன தெரியுமா? "இன்றைக்கு 35,000 அடியில் கொஞ்ச நேரம் கையால் ஓட்டிப் பழகலாமே" என்று ஒரு விமானி ஆசைப்பட்டாலும் முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கம்ப்யூட்டர் ஓட்டும்போது பிரச்சினை இல்லை. "இப்போது யார் ஓட்டுகிறார்கள்" என்பதில் குழப்பம் வரும்போதுதான் வம்பு. இதற்கு இரண்டு விபத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும்.

முதலாவது பெங்களூரில். 1990 பிப்ரவரி 14, மதியம். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605. விமானம் புத்தம் புதிய ஏர்பஸ் ஏ320. அந்த ரக விமானம் இந்தியாவுக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வானிலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஹெச்ஏஎல் விமான நிலையத்தின் ஓடுபாதை கண்ணெதிரே தெரிகிறது. காக்பிட்டில் இரண்டு பேருமே கேப்டன்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அவரைச் சோதிக்கிறார். விமானம் 'ஓப்பன் டிசென்ட்' என்ற முறையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த முறையில் இன்ஜின்கள் வெறுமனே ஐடிலில் ஓடும், வேகத்தைக் கவனித்துக்கொள்ளாது. தரைக்கு அருகில் அந்த முறையில் இருக்கவே கூடாது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. இருக்க வேண்டியது 132 நாட். அதிலிருந்து 20 நாட்டுக்கும் மேல் இறங்கிவிட்டது. கவனித்து, முழு சக்தி கொடுத்தபோது நேரம் இல்லை. ஜெட் இன்ஜின் என்பது ஐடிலிலிருந்து முழு சக்திக்கு வரச் சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். விமானம் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது, 23 வருடம் கழித்து சான் பிரான்சிஸ்கோவில். 2013 ஜூலை 6, சியோலில் இருந்து வந்த ஏசியானா 214. விமானம் போயிங் 777. இங்கேயும் வானிலை அருமை. இங்கேயும் காக்பிட்டில் ஒருவர் புதிய விமானத்தில் பயிற்சி எடுக்கிறவர், இன்னொருவர் பயிற்சி கொடுக்கிறவர். சரியான சரிவில் இறங்க வழிகாட்டும் 'கிளைட் ஸ்லோப்' ரேடியோ கருவி அன்றைக்கு அந்த ஓடுபாதையில் வேலை செய்யவில்லை. கட்டுமானப் பணிக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதாவது, ஜன்னல் வழியே ஓடுபாதையைப் பார்த்து, கண்ணால் கணக்குப் போட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான். சின்ன செஸ்னா விமானத்தில் பழகுகிற மாணவன் முதல் மாதத்திலேயே செய்கிற வேலை. சுமார் 9,700 மணி நேரம் பறந்திருந்த அந்த கேப்டனுக்கு அது கவலையாக இருந்தது என்று பிறகு விசாரணையில் அவரே சொன்னார்.

விமானம் தேவையை விட உயரத்தில் இருந்தது. வேகமாக இறக்க வேண்டும் என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அந்த முறையில் விமானம் இறங்குவதற்குப் பதில் ஏற ஆரம்பித்தது. உடனே ஆட்டோபைலட்டை அணைத்து, த்ராட்டிலைப் பின்னால் இழுத்தார். அங்கேதான் சிக்கல். அந்தச் சேர்க்கையில் தானியங்கி த்ராட்டில் "சரி, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு சின்ன எழுத்து திரையில் மாறும், அவ்வளவுதான். வேகத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்று அவர் நினைத்தார். கம்ப்யூட்டர், அவர் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்தது. 137 நாட் இருக்க வேண்டிய வேகம் சுமார் 103க்கு வந்தது. கடலோரத் தடுப்புச் சுவரில் வால் மோதியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

இரண்டு விபத்துகளையும் மறுபடி பாருங்கள். வேறு கண்டம், வேறு விமானம், வேறு கம்பெனி. ஏர்பஸ்ஸில் தானியங்கி சக்தியைக் கூட்டினாலும் குறைத்தாலும் த்ராட்டில் பிடி நகராது, போயிங்கில் நகரும். எது நல்லது என்று விமானிகள் டீக்கடை அரசியல் மாதிரி இன்னமும் சண்டை போடுகிறார்கள். ஆனால் இரண்டிலுமே கதை ஒன்றுதான். பட்டப்பகலில், நல்ல விமானத்தில், இரண்டு அனுபவசாலிகள் உட்கார்ந்து, வேகம் காட்டும் கருவியைச் சில விநாடிகள் பார்க்காமல் விட்டார்கள். காரணம், வருடக்கணக்காக அதைப் பார்க்கத் தேவை இருந்ததில்லை.

இப்போது 35,000 அடி விஷயத்துக்கு.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போகும் ஏர் பிரான்ஸ் 447. ஏர்பஸ் ஏ330, 228 பேர். அட்லாண்டிக்கின் நடுவே, நள்ளிரவு தாண்டி, இடிமேகங்களுக்கு இடையே போய்க்கொண்டிருந்தது. கேப்டன் வழக்கம்போல ஓய்வெடுக்கப் போய்விட்டார். இரண்டு துணை விமானிகள் இருக்கையில். விமானத்தின் வேகத்தை அளப்பது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய்கள். அதற்குள் பனித்துகள் அடைத்துக்கொண்டது. வேகக் கணக்கு குழம்பியதும் கம்ப்யூட்டர் செய்ததைக் குறை சொல்ல முடியாது: "என்னிடம் இருக்கிற தகவலை நம்ப முடியவில்லை" என்று ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அப்போது நேரம் உலகப் பொது நேரப்படி 2 மணி 10 நிமிடம் 5 விநாடி.

அந்த விநாடியில் விமானத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இரண்டு இன்ஜின்களும் ஓடுகின்றன, இறக்கைகள் சரியாக இருக்கின்றன. மூக்கின் கோணத்தையும் இன்ஜின் சக்தியையும் அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். வேகக் காட்டிகள் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டன. வலது இருக்கையில் இருந்தவர் பிடியைக் கையில் எடுத்தார். பின்னால் இழுத்தார். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. 35,000 அடியிலிருந்து கிட்டத்தட்ட 38,000 அடிக்கு. அந்த உயரத்தில் காற்று மெலிசு. தரைக்கு அருகில் இழுப்பது போல அங்கே இழுக்கக் கூடாது. இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் ஓர் அளவைத் தாண்டினால் தூக்குவிசை போய்விடும். அதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அதிலிருந்து வெளியே வர ஒரே வழி மூக்கைக் கீழே இறக்குவது. விமானப் பள்ளியில் முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று.

அவர் மூக்கை இறக்கவில்லை. எச்சரிக்கைக் குரல் "ஸ்டால், ஸ்டால்" என்று கத்திக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி இருவரில் ஒருவரும் வாய் திறந்து பேசியதாக ஒலிப்பதிவில் இல்லை. இதில் இன்னொரு கொடுமை. வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனதும், "இவ்வளவு குறைவாக இருக்க முடியாது, கருவிதான் தவறு" என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கையை நிறுத்திவிடும். அவர் கொஞ்சம் மூக்கை இறக்கும்போது வேகக் கணக்கு திரும்பி வரும், எச்சரிக்கையும் திரும்பி வரும். அதாவது சரியானதைச் செய்தால் விமானம் கத்துகிறது. தவறானதைச் செய்தால் அமைதியாகிவிடுகிறது! இருட்டில், பயத்தில், அந்த நிலையில் யாருக்குத்தான் குழம்பாது.

ஒன்றரை நிமிடத்தில் கேப்டன் ஓடி வந்தார். அவருக்கும் புரியவில்லை. ஏர்பஸ்ஸின் இரண்டு பிடிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை அல்ல. ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. தான் இவ்வளவு நேரமும் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்ததாக வலது இருக்கைக்காரர் சொன்னது கடைசி நிமிடத்தில்தான். மூக்கு மேலே, விமானம் கீழே. நிமிடத்துக்கு பத்தாயிரம் அடிக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. 2 மணி 14 நிமிடம் 28 விநாடிக்குக் கடலில் மோதியது. நான்கு நிமிடம் இருபத்து மூன்று விநாடி. 228 பேரில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை. சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று.

2012இல் பிரெஞ்சு விசாரணை அமைப்பு வெளியிட்ட இறுதி அறிக்கையில் ஒரு வரி எல்லாவற்றையும் விட முக்கியம். அந்தத் துணை விமானிகள் இருவருக்கும், அந்த உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்ட எந்தப் பயிற்சியும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கொடுக்கப்படாதது மட்டுமா, அன்றாடப் பயணத்தில் தானாகப் பழகிக்கொள்ளவும் வழியில்லை. அதுதான் விதியிலேயே தடுத்திருக்கிறதே. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரியத்தைச் செய்கிறார்கள். அதுவும் புயல் மேகத்துக்குள், நடுராத்திரி, இருநூறு சொச்சம் பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு.

அந்த விபத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் வலது இருக்கைக்காரரைத் திட்டிவிட்டுப் போவது வழக்கம். அது நியாயமாகத் தெரியவில்லை. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய உளவியல் ஆய்வாளர் இதை 1983லேயே எழுதிவிட்டார், விமானத்துக்காக மட்டும் அல்ல, தானியங்கி இயந்திரங்கள் எல்லாவற்றுக்கும். சுலபமான வேலைகளை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். அதற்கே முடியாத வேலை வரும்போது மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம். அவனோ பழக்கம் விட்டுப்போய் உட்கார்ந்திருக்கிறான். கஷ்டமான வேலைக்கு அதிகத் திறமை வேண்டும். ஆனால் அவனிடம் இருப்பது முன்பை விடக் குறைவான திறமை. 1997இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் வாரன் வான்டர்பர்க் என்ற பயிற்சியாளர் தன் விமானிகளிடம், "மெஜந்தா கோட்டின் குழந்தைகள்" ஆகிவிடாதீர்கள் என்றார். காக்பிட் திரையில் போக வேண்டிய பாதையை ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஒரு கோடாகக் காட்டும். அந்தக் கோட்டைத் துரத்தவே தெரியும், ஜன்னலைப் பார்க்கத் தெரியாது என்ற கிண்டல் அது. குழப்பம் வந்தால் இன்னும் நாலு பொத்தானை அழுத்தாதீர்கள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கையால் ஓட்டுங்கள் என்றும் சொன்னார். சான் பிரான்சிஸ்கோ விபத்துக்கு 16 வருடம் முன்பு.

ஆனால் "கைப்பழக்கம் போய்விட்டது" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடுமா என்றால் அதுதான் இல்லை. நாசாவைச் சேர்ந்த ஸ்டீபன் கேஸ்னரும் மற்றவர்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 16 விமான நிறுவன விமானிகளை போயிங் 747 சிமுலேட்டரில் உட்கார வைத்து, தானியங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்ப்பு என்னவாக இருக்கும்? தடுமாறுவார்கள் என்றுதானே? கை அவ்வளவாகத் தடுமாறவில்லை. அதிகம் பழகாமல் இருந்தும், கருவிகளைக் கண்ணால் மேய்வதும் பிடியைக் கையால் ஓட்டுவதும் ஓரளவு அப்படியே இருந்தன. கொஞ்சம் துரு, அவ்வளவுதான். நீச்சலும் சைக்கிளும் மறப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி.

தடுமாறியது வேறு இடத்தில். திரையில் வரைபடம் இல்லாமல் "இப்போது எங்கே இருக்கிறோம்" என்று மனதில் வைத்துக்கொள்வது, "அடுத்து என்ன செய்ய வேண்டும்" என்று முடிவெடுப்பது, "இந்தக் கருவி பொய் சொல்கிறது" என்று கண்டுபிடிப்பது. இவற்றில்தான் தவறுகள் அதிகம். தானியங்கி ஓட்டும்போதும் கூடவே மனதால் ஓட்டிக்கொண்டிருக்கிற பழக்கத்தைப் பொறுத்தே இந்தத் திறமை மிஞ்சும் போலிருக்கிறது என்பது அவர்கள் எழுதியது.

இதை வைத்துக்கொண்டு மேலே சொன்ன மூன்றையும் திரும்பப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. பெங்களூரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் கை நடுங்கி யாரும் விமானத்தை விடவில்லை. வேகம் குறைவது மண்டைக்குள் ஏறவில்லை. 447இல் ஆரம்பத்தில் இழுத்தது கையின் தவறுதான். ஆனால் அடுத்த நான்கு நிமிடம் மூன்று பேருக்கும் "இது ஸ்டால்" என்று பிடிபடவில்லை. அண்ணாச்சி கடையில் துண்டுச் சீட்டில் கூட்டிப் பார்க்கிறவருக்கு, மொத்தம் தவறாக வந்தால் பார்த்த உடனே உறுத்தும். பில் போடும் இயந்திரத்தைத் தட்டுகிற பையனுக்கு உறுத்தாது. கூட்டல் அவனுக்கும் தெரியும். உறுத்தல்தான் இல்லை.

எதிர்ப்பக்கம் எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது ஹட்சன் நதி. 2009 ஜனவரி 15, நியூயார்க். பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போன ஏ320ஐ செஸ்லி சல்லன்பெர்கர் ஆற்றில் இறக்கினார், 155 பேரும் பிழைத்தார்கள். "பார்த்தீர்களா, கையால் ஓட்டத் தெரிந்தவர்!" என்பார்கள். அவர் கிளைடர் ஓட்டியவர், உண்மைதான். ஆனால் கடைசி விநாடிகளில் அவர் பிடியை எவ்வளவு இழுத்தும் விமானம் ஸ்டால் ஆகாமல் பிடித்து நிறுத்தியது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் முழு பலத்தோடு வேலை செய்ய மின்சாரம் இருந்ததற்குக் காரணம், வால் பகுதியில் இருக்கும் துணை இன்ஜினை அவர் சட்டென்று இயக்கியது. கையும் கருவியும் சண்டை போடாமல் இருந்த ஒரு நாள் அது.

சரி, தீர்வு? 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமான நிறுவனங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: முடிகிற இடத்தில் எல்லாம் விமானிகளைக் கையால் ஓட்ட ஊக்குவியுங்கள் என்று. 2019 மார்ச் முதல் அங்கே எல்லா விமான நிறுவன விமானிகளும் சிமுலேட்டரில் முழு ஸ்டாலுக்குள் போய் வெளியே வந்து காட்டியாக வேண்டும். நல்ல விஷயம். சிமுலேட்டரில் மட்டும் ஒரு குறை. உள்ளே போகும்போதே ஏதோ கெடப் போகிறது என்று தெரியும். ஆறு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் இருந்துவிட்டு ஏழாவது மணி நேரத்தில் திடுக்கிடுவதை எந்தச் சிமுலேட்டரில் பழகுவது?

நிஜ விமானத்தில் பழகுவதும் சுலபம் இல்லை. பெரிய விமான நிலையங்களில் நெரிசல். ஒரு விமானி கையால் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு வேலை இரட்டிப்பு. கொஞ்சம் பிசகினாலும் பதிவுக் கருவியில் ஏறிவிடும், மறுநாள் அலுவலகத்தில் கேள்வி வரும். சில நிறுவனங்கள் தானியங்கியை முடிந்தவரை உபயோகிக்கச் சொல்கின்றன, சில கையால் ஓட்ட விட்டுவிடுகின்றன. பயணிகளிடம் ஓட்டெடுப்பு நடத்தினால் என்ன வரும் என்பது சொல்லவே வேண்டாம். "என் விமானி பயிற்சியோடு இருக்க வேண்டும்" என்பார்கள். "இன்றைக்கு உங்களை வைத்துப் பயிற்சி செய்யட்டுமா?" என்றால்?

வானம் சுத்தமாக இருக்கிற நாளில், கூட்டமில்லாத ஊருக்கு இறங்கும்போது, சில கேப்டன்கள் பக்கத்து இருக்கையைப் பார்த்து "கையால ஓட்டுறீங்களா?" என்று கேட்பது உண்டு. பிடியில் இருக்கிற சின்ன சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஆட்டோபைலட் விலகியதற்கான மணி ஒரு தடவை ஒலிக்கும். இன்னொரு தடவை அழுத்தினால் அது அடங்கும். கதவுக்கு இந்தப் பக்கம் அது கேட்காது. பின்னால் 180 பேர் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.